பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே

பட்டுப்போன மரத்தை உடனே வெட்டி அப்புறப்படுத்துவதுதான் காட்டை நலமாக வைத்திருக்கும் வழி என்ற எண்ணம் ஐரோப்பிய வனத்துறைகளை வெகுகாலம் ஆண்டுவந்தது. பட்டமரம் என்றால் வீணாகும் மரம், பூச்சிக்கும் நோய்க்கும் இடம் கொடுக்கும் மரம். இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர் இங்கிலாந்துச் சூழலியலாளர் சார்லஸ் எல்ட்டன். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த அவர், இயற்கையான காட்டில் விலங்கினங்களுக்குக் கிடைக்கும் மிகப்பெரிய ஆதாரங்களில் ஒன்று பட்ட மரமும் பட்டுக்கொண்டிருக்கும் மரமும்தான் என்று 1966இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். இன்று அதை மறுப்பவர் அதிகமில்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மரம் வெட்டும் நிறுவனங்களே சில பட்டமரங்களை விட்டுவைக்கின்றன. ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு குறை தொடர்கிறது. ஒரு ஹெக்டேரில் எத்தனை பட்டமரம் நிற்கிறது, எத்தனை கன மீட்டர் தேறும் என்று அளக்கிறார்கள். அவை பட்டு எத்தனை காலமாகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான் என்பது என் வாதம். அதற்குச் சாட்சி சொல்ல, பட்டைக்கு அடியில் வாழும் நீள்கொம்பு வண்டுகளைவிடப் பொருத்தமான உயிரினத்தைக் காட்டுவது கடினம்.

நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ந்த வண்டு வெளியே நடமாடுவது கொஞ்ச காலம்தான். வாழ்க்கையின் பெரும்பகுதி மரத்துக்குள் புழுவாகவே கழிகிறது. புழு மரத்தின் எந்தப் பகுதியைத் தின்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஆயுட்கணக்கே மாறிவிடும். மரத்தில் சத்து மிகுந்த பகுதி, பட்டையின் உட்புறமாக ஈரத்தோடு இருக்கும் உள்பட்டை. இலைகள் சமைத்த சர்க்கரை அதன் வழியாகத்தான் இறங்கிவருகிறது. அதைத் தின்னும் புழு ஓரிரண்டு ஆண்டுகளில் வளர்ந்துவிடும். கட்டையில் நைட்ரஜன் மிகமிகக் குறைவு. ஐரோப்பிய வீடுகளின் உத்தரங்களையும் கைமரங்களையும் குடையும் நீள்கொம்பு வண்டின் புழு, காய்ந்த கட்டையைத் தின்று வளர்ந்து முடிக்கப் பத்தாண்டுகள்கூட எடுத்துக்கொள்வது இதனால்தான். ஆக, உள்பட்டை விருந்து. ஆனால் மரம் பட்ட நாளிலிருந்தே கெடத் தொடங்கும் விருந்து. அதைச் சாப்பிட வேண்டியவர்கள் நேரத்துக்கு வந்தாக வேண்டும்.

ஸ்வீடனில் பனிக்காலப் புயலொன்றில் ஒரு பைன் மரம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் தலைகாட்டும் வசந்தத் தொடக்கத்திலேயே அரிசி மணி அளவுள்ள பட்டைவண்டுகள் அதன் பிசின் மணத்தை முகர்ந்து வந்துவிடும். ஏறக்குறைய அதே காலத்தில் அகாந்தோசினஸ் ஈடிலிஸ் என்ற சாம்பல்நிற நீள்கொம்பு வண்டும் வந்து சேரும். ஆண் வண்டின் கொம்புகள் உடலைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம். புதிதாகப் பட்ட மரத்தின் உள்பட்டைதான் அதற்கு வேண்டும். முதல் கோடையிலேயே அதன் புழுக்கள் வளர்ந்துவிடும். உள்பட்டை கொஞ்சம் பழசாகி, பட்டை இளகத் தொடங்கும் கட்டத்தில் வருவது வேறொரு நீள்கொம்பு வண்டு: ராகியம் இன்குவிசிட்டர். 1758இலேயே லின்னேயஸ் பெயரிட்டுப் பதிவுசெய்த இனம் இது. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வழியாக வட அமெரிக்கா வரைக்கும் ஊசியிலைக் காடுகளில் பரவியிருக்கிறது. நீள்கொம்புக் குடும்பம் என்றாலும் இதன் கொம்புகள் குட்டையானவை, உடலின் பாதி நீளம்கூட இராது. பட்டைக்கு அடியிலுள்ள நெருக்கடியான இடத்தில் மாதக்கணக்கில் தங்கும் வண்டுக்கு அது வசதிதான்.

பட்டை தளர்ந்த பைன் தண்டில் கத்தி முனையை நுழைத்து, கையகல அளவுக்குப் பெயர்த்தால் இந்த வண்டின் குடியிருப்பு முழுசாகத் தெரியும். முதலில் கண்ணில் படுவது, பட்டையின் உட்புறத்திலும் கட்டையின் மேற்பரப்பிலும் ஒட்டியிருக்கும் பழுப்புநிறத் தூளும் எச்சமும். அதை விலக்கினால் ஒழுங்கில்லாமல் வளைந்து போகும் அகலமான தடங்கள். தடத்தின் முனையில் புழு: அழுக்கு வெள்ளை நிறம், மூன்று செ.மீ. வரை நீளம், மேலிருந்து அமுக்கியது போன்ற தட்டை உடல், அதைவிடத் தட்டையான அகன்ற பழுப்புத் தலை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளிதான் அதன் உலகம்; உடம்பே அந்த இடைவெளிக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. கோடை முடியும் சமயத்தில் வளர்ந்த புழு தின்பதை நிறுத்திவிட்டு, கட்டையின் மேற்பரப்பை நீளநீளமான நார்களாகக் கடித்துக் கிழிக்கத் தொடங்குகிறது. அந்த நார்களைத் தன்னைச் சுற்றி வளையமாக அடுக்குகிறது. சிறு பறவைக்கூட்டைத் தட்டையாக அமுக்கி வைத்தது போன்ற ஓர் அறை உருவாகிறது. அதற்குள் கூட்டுப்புழுவாகி, இலையுதிர் காலத்திலேயே முழு வண்டாக மாறிவிடுகிறது. ஆனால் வெளியே வருவதில்லை. சாம்பலும் கறுப்பும் கலந்த சிறகுறையோடு, எல்லா உறுப்பும் முதிர்ந்த நிலையில், அடுத்த வசந்தம் வரைக்கும் அந்த நார்வளையத்துக்குள்ளேயே கிடக்கிறது.

நின்றபடி பட்ட மரத்தின் பட்டை வடநாட்டுக் குளிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தரையில் படியும் பனிப்போர்வையும் அந்த உயரத்துக்கு எட்டாது. ஆனாலும் இந்த வண்டின் உடல் நீர் மைனஸ் 25 டிகிரி வரைக்கும் உறையாமல் திரவமாகவே இருக்கும். உடலில் சேரும் கிளிசரால் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், உறைவைத் தடுக்கும் ஒரு புரதம். பனித்துகள் ஒன்று உடலில் முளைக்கும்போது இந்தப் புரத மூலக்கூறுகள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் நிறுத்திவிடுகின்றன. 2013இல் இதன் முப்பரிமாண அமைப்பு வெளியானது. மூலக்கூறின் ஒரு முகம் ஏறக்குறைய சமதளமாக இருக்கிறது. த்ரியோனின் என்ற அமினோ அமிலம் அங்கே வரிசை வரிசையாக நிற்கிறது. பனியோடு ஒட்டுவது அந்த முகம்தான். இத்தனை ஏற்பாடும் எதற்காக? புழுவாகவே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு அடுத்த கோடையில் வண்டாகலாமே! பல இனங்கள் அப்படித்தான் செய்கின்றன. இலையுதிர் காலத்திலேயே தயாராகிக் காத்திருக்கும் வண்டு, வசந்தம் பிறந்ததும் முந்திப் பறக்கலாம். உரிய பருவத்தில் இருக்கும் பட்டமரத்தை மற்றவர்களுக்கு முன்னால் பிடிக்கலாம். கடுங்குளிரைத் தாங்கும் இந்தத் திறமைக்குப் பின்னாலும் இருப்பது நேரத்தோடு போட்டிதான் என்று நான் கருதுகிறேன்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இந்த வண்டின் ஒரு தலைமுறை முடியப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும். அதன் புழுக்களே உள்பட்டையைத் தின்று பட்டையைக் கட்டையிலிருந்து பிரித்துவிடுகின்றன. இரைதேடி வரும் மரங்கொத்திகள் மிச்சத்தைப் பெயர்த்துத் தள்ளுகின்றன. சில ஆண்டுகளில் தண்டு மொட்டையாகிவிடும். பிறந்த மரத்திலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்வது இதனால் நடக்காத காரியம். மரம் என்னவோ இன்னும் வெகுகாலம் நிற்கும். பின்லாந்தில் பட்டை உதிர்ந்து வெள்ளி நிறமாகக் காய்ந்து நிற்கும் பட்ட பைன் மரங்களைக் கேலோ என்பார்கள்; நூறாண்டுக்கு மேல் நின்ற கேலோக்கள் உண்டு. நம் வண்டுக்கு அதனால் பயனில்லை. வேறொரு நீள்கொம்பு வண்டுக்கோ தேவை நேர்மாறானது. ட்ராகோசோமா டெப்சேரியம் என்ற பெரிய பழுப்பு வண்டு, பட்டை முழுக்க உதிர்ந்து, வெயிலில் காய்ந்து, தரையில் கிடந்து மெல்ல இற்றுவரும் பருமனான பைன் தண்டுகளைத்தான் தேடிப் போகும். ஒரே மரம், ஒரே வண்டுக் குடும்பம். ஆனால் இரண்டின் தேவைக்கும் நடுவே பல ஆண்டு இடைவெளி. ஒரு காட்டில் பத்துப் பட்டமரம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுதான். பத்தும் ஒரே புயலில் சாய்ந்தவை என்றால், நான்கைந்து ஆண்டுகளுக்குப் பட்டைவாசிகளுக்குக் கொண்டாட்டம்; அதன் பிறகு ஒன்றுமில்லை.

காடு முழுவதையும் வைத்துப் பார்த்தாலும் இது பொருந்துகிறது. பின்லாந்தில் மட்டும் 4,000 முதல் 5,000 இனங்கள் பட்ட மரத்தை நம்பி வாழ்கின்றன. காட்டில் வாழும் மொத்த இனங்களில் இது 20 முதல் 25 சதவீதம். மனிதக் கை படாத தென் பின்லாந்துப் பழங்காட்டில் ஒரு ஹெக்டேருக்கு 60 முதல் 90 கன மீட்டர் வரை பட்டமரம் இருக்கும். வெட்டி நட்டுப் பராமரிக்கப்படும் காட்டில் அது 10 கன மீட்டருக்கும் கீழே. அளவு குறைந்தது பாதிக் கதை. மீதிக் கதையைச் சொல்வது நீள்கொம்பு வண்டுகளோடு பட்டைக்கு அடியைப் பகிர்ந்துகொள்ளும் பித்தோ கோல்வென்சிஸ் என்ற வண்டு. விழுந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தண்டுகளின் பட்டைக்கு அடியில் அதன் புழு பல ஆண்டுகள் எடுத்து வளர்கிறது. பின்லாந்தில் அது எங்கெல்லாம் எஞ்சியிருக்கிறது என்று தேடிப்போன ஆய்வாளர்கள், 2000இல் வெளியான கட்டுரையில் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள்: நெடுங்காலமாக இடைவிடாமல் ஸ்ப்ரூஸ் மரங்கள் விழுந்துகொண்டிருக்கும் பழங்காடுகளில் மட்டும். ஒரு மரம் மொட்டையாவதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழுந்திருக்க வேண்டும். அந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்த காட்டில், பிறகு எத்தனை மரத்தைக் கிடக்கவிட்டாலும், அதற்குள் வண்டு போய்விட்டிருக்கும்.

இந்த வாதத்துக்கு வரும் எதிர்ப்புகளில் வலுவானது, பட்டமரம் பூச்சிப் பண்ணை என்பது. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 2005 ஜனவரியில் தென் ஸ்வீடனைத் தாக்கிய குட்ரூன் புயல் சுமார் 7 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. சாய்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களில் பல்கிப் பெருகிய பட்டைவண்டுகள் அடுத்த ஆண்டுகளில் நின்ற மரங்களையும் ஏராளமாகக் கொன்றன. சொந்தக் காட்டை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அது பெரும் இழப்பு. ஆனால் அந்தப் பட்டைவண்டுக்கு வேண்டியது எது என்று பார்த்தால், பதில் மறுபடியும் காலத்தில்தான் இருக்கிறது. புத்தம்புதிதாகச் சாய்ந்த மரத்தின் ஈர உள்பட்டைதான் அதற்கு வேண்டும். ஓரிரு கோடை கழிந்த மரத்தில் அது முட்டையிடாது. ஸ்வீடன் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது: ஒரு ஹெக்டேரில் 5 கன மீட்டருக்கு மேல் புதிதாகச் சேதமான ஊசியிலை மரம் கிடந்தால், மிகுதியை அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது. பட்டு நாளான மரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ராகியம் வண்டின் புழுக்கள் வாழும் தண்டிலிருந்து பட்டைவண்டுகள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கும்.

தாமதமாகச் செய்யும் துப்புரவு, செய்யாமல் விடுவதைவிடக் கேடானது. பட்டைவண்டுப் புழுக்களைப் பிடித்துத் தின்னும் எதிரிகள் அதே பட்டைக்கு அடியில்தான் வளர்கின்றன. எறும்பைப் போலத் தோற்றமளிக்கும் தானாசிமஸ் வண்டு அவற்றில் முக்கியமானது. இந்த எதிரிகள் பல, பட்டைவண்டு பறந்துபோன பிறகும் மரத்திலேயே தங்கி, பிந்தித்தான் வெளிவருகின்றன. பட்டைவண்டு போன பிறகு மரத்தை இழுத்துக்கொண்டு போனால், தப்பியது பகை, அழிந்தது காவல். நீள்கொம்பு வண்டுகளும் இந்தச் சண்டையில் வெறும் பார்வையாளர்கள் அல்ல. ஸ்வீடனில் நடந்த சோதனைகளில் அகாந்தோசினஸ் புழுக்கள் இருந்த பைன் தண்டுகளிலிருந்து வெளிவந்த பட்டைவண்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. உள்பட்டையைப் பெரிய வாயால் தின்று தீர்த்துவிட்டால் சிறியவற்றுக்கு மிச்சமேது! அமெரிக்காவில் 2001இல் வெளியான ஆய்வொன்று இன்னும் ஒருபடி மேலே போய், மோனோகேமஸ் என்ற நீள்கொம்பு வண்டின் புழுக்கள் எதிர்ப்பட்ட பட்டைவண்டுப் புழுக்களைத் தின்றேவிடுவதைக் காட்டியது.

மோனோகேமஸ் பெயரைச் சொன்னதும் அடுத்த எதிர்ப்பு எழும், அதுவும் நியாயமானதே. ஜப்பானின் பைன் காடுகளைச் சாய்த்த நூற்புழு நோயை மரத்துக்கு மரம் சுமந்து செல்வது அந்த வண்டு வகைதான். நம்மூர் மாந்தோப்புக்காரருக்கும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிக்கும், ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரருக்கும் நீள்கொம்பு வண்டு என்றால் தண்டுத்துளைப்பான், அவ்வளவுதான். மத்தியப் பிரதேசத்தில் 1990களின் பிற்பகுதியில் சால் மரக் காடுகளைச் சூறையாடியதும் இந்தக் குடும்பத்து வண்டே. சீனாவிலிருந்து சரக்குப் பெட்டி மரத்தோடு வந்த ஆசிய நீள்கொம்பு வண்டு 1996இல் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. தெருவோர மேப்பிள் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. ஆனால் மா, முந்திரி, காபி, மேப்பிள் ஆகியவற்றைத் தாக்குபவை உயிருள்ள மரத்துக்குள் புகுந்து குடைபவை. பட்டு ஆண்டுகளான மரத்தை நம்பி வாழும் வண்டு அந்த வேலையைச் செய்வதில்லை. தோப்பில் துளை கண்ட மரத்தை வெட்டி எரிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தோப்பு விதியைக் காட்டுக்குக் கொண்டுபோவதைத்தான் மறுக்கிறேன். உலக வணிகம்கூடக் கச்சிதமாகத்தான் நடந்துகொள்கிறது. நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளின் கட்டையை உள்மையம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும், பட்டையை உரிக்க வேண்டும், மூன்று செ.மீ.க்கும் குறைவான அகலத்தில் ஒட்டியிருக்கும் பட்டைத் துண்டுகளை விட்டுவிடலாம் என்று சர்வதேச விதி சொல்கிறது. அந்த அகலத்துக்குள் புழு குடியிருக்க முடியாது என்ற கணிப்பு அதில் இருக்கிறது.

இன்னொரு எதிர்ப்பு நுட்பமானது: ராகியம் வண்டு அருகிவரும் இனமே அல்ல, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலும் அது வாழ்கிறதே என்பது. உண்மைதான். வெட்டுக்காட்டில் அடிக்கட்டைகள் கொள்ளை கொள்ளையாகக் கிடைப்பதால்தான் அது இன்றும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் ஒரு பகுதியை மொத்தமாக வெட்டினால் அடிக்கட்டைகள் எல்லாம் ஒரே வயதில் பழசாகும். ஒரு கூட்டம் வந்து பெருகி, சேர்ந்தே காலி செய்யும். அடுத்த வெட்டு அக்கம்பக்கத்தில் நடந்தால்தான் அடுத்த வீடு. நன்றாகப் பறக்கும் இனம் இதைச் சமாளிக்கும். பித்தோ கோல்வென்சிஸ் சமாளிக்கவில்லை. அதோடு, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் எரிபொருளுக்காக அடிக்கட்டைகளையே பிடுங்கும் பழக்கமும் பின்லாந்தில் வந்துவிட்டது. பொறுப்போடு பராமரிக்கப்படும் காட்டுக்குத் தரப்படும் எஃப்.எஸ்.சி. சான்றிதழின் ஸ்வீடன் விதியோ, மரம் வெட்டும்போது ஹெக்டேருக்கு 3 மரத்தையாவது ஆளுயரத்துக்கு மேல் விட்டு வெட்ட வேண்டும் அல்லது பட்டையை வளையமாக உரித்துப் படவிட வேண்டும் என்கிறது. நல்ல விதி, வண்டுகள் அந்த உயரக்கட்டைகளைப் பயன்படுத்தவும் செய்கின்றன. அந்த மூன்றும் ஒரே நாளில் படுகின்றன என்பதுதான் அதிலுள்ள போதாமை.

காலத்தைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்பதற்கு ஜெர்மனியின் பவேரியக் காட்டுத் தேசியப் பூங்கா பதில் சொல்கிறது. 1983 புயலில் சாய்ந்த மரங்களைத் தொடாமல் விடுவது என்று அங்கே முடிவெடுத்தார்கள். 1990களில் பட்டைவண்டு பெருகி ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் ஸ்ப்ரூஸ் மரங்கள் பட்டன. சுற்றுவட்டார மக்கள் கொதித்தார்கள், காடே செத்துவிட்டது என்றார்கள். பட்ட தண்டுகளுக்கு நடுவே யாரும் நடாமலே இளங்காடு எழுந்துவிட்டது. அண்டைக் காட்டுக்காரர்களின் பயத்துக்கும் இடம் கொடுத்தார்கள்: எல்லையோரமாகக் குறைந்தது 500 மீட்டர் அகலத்துக்கு வண்டு விழுந்த மரங்களை உடனுக்குடன் அகற்றுகிறார்கள். உள்ளே மரங்கள் தம்போக்கில் ஒவ்வோர் ஆண்டும் படுகின்றன, நிற்கின்றன, சாய்கின்றன.

இந்தியாவில் இதற்கு இணையான ஏற்பாடு ஒரு நீதிமன்ற ஆணை வழியாக வந்தது. கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் தொடரப்பட்ட கோதவர்மன் வழக்கில், 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம், தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் பட்ட மரம், நோயுற்ற மரம், காற்றில் விழுந்த மரம் எதையும் அகற்றக் கூடாது என்று மாநிலங்களுக்குத் தடை விதித்தது. வண்டுகளை நினைத்துப் பிறந்த ஆணை அல்ல அது. பட்டமரம் என்ற பெயரில் பச்சை மரமும் வெளியேறும் வழியை அடைக்கும் ஆணை. ஆனாலும் எல்லா வயதுப் பட்டமரத்தையும் ஒன்றாகக் காப்பதால், எந்த எண்ணிக்கை விதியையும்விடக் கச்சிதமாக அது வேலை செய்கிறது. விறகை நம்பி வாழும் மக்களை இது வதைக்காதா என்று கேட்கலாம். சரணாலயத்துக்குள் அது கடினமான கேள்விதான். வெளியே இருக்கும் காப்புக்காடுகளில் அப்படியல்ல: தலைச்சுமை விறகு பெரும்பாலும் மெல்லிய சுள்ளியும் கிளையும், பட்டைக்கு அடியில் வாழும் வண்டுகளுக்கு வேண்டியதோ லாரியில் ஏறும் பருமனான தண்டு. அந்தக் காப்புக்காடுகளில் பட்ட மரங்களையும் விழுந்த மரங்களையும் கணக்கெடுத்து எடுத்துச் செல்லும் வழக்கம் வனத்துறைச் செயல்திட்டங்களில் நெடுநாளாக இருக்கிறது. அப்படிக் கணக்கெடுக்கும்போது சுற்றளவோடு மரம் பட்ட ஆண்டையும் குறித்து, ஒவ்வோர் ஆண்டின் பட்டமரத்திலும் பருமனான ஒரு பங்கை நின்ற இடத்திலும் விழுந்த இடத்திலும் விட்டுவைக்கும் விதி ஒன்றைச் சேர்த்தால், கூடுதலாகத் தேவைப்படுவது பதிவேட்டில் ஒரு பத்தி.